தபால்ல வந்த ஜிம் வாத்தியார்

மல்லாங்கிணறுல எங்க தாத்தா கர்லாக்கட்டை சுத்தப் பழகினப்ப வாத்தியார் எதிர்லயே நிப்பாராம். தோள் கோணினா குச்சியால ஒரு தட்டு! நான் சேர்ந்த ஜிம்முல மெஷினுக்கு மெஷின் கியூஆர் கோடு. செல்போன்ல வீடியோ பார்த்துக்கிட்டே இழுத்தேன். மூணு நாள் தோள்வலி :)

ஆளில்லாம கத்துக்கொடுக்கறது புதுசில்லீங்க. 1904-05ல இந்தியா வந்து மேடை மேடையா பலம் காட்டின யூஜின் சாண்டோ, உடற்பயிற்சிப் புத்தகங்கள் எழுதினவர். சின்னப்பா தேவர் பேருக்கு முன்னாடி இருக்கற 'சாண்டோ' இவர் பேருதான். அப்புறம் பெங்களூரு கே.வி.ஐயர் தபால்லயே தேகப்பயிற்சிப் பாடம் நடத்தினார். படமும் விளக்கமும் வீடு தேடி வந்துச்சு. வாத்தியாரோட கண்ணு மட்டும் தபால்ல வரலை.

2007ல ஜப்பான்ல நிண்டெண்டோ 'வீ ஃபிட்' விளையாட்டை வெளியிட்டுச்சு. அதோட பலகையில ஏறி நின்னா, உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு டிவியில தெரியும். இப்போ செல்போன் கேமராவுலயே முழங்கால், முதுகு வளையறதைக் கவனிச்சுத் தப்பைச் சொல்ற செயலிகளும் வந்தாச்சு.

என்னைக் கேட்டா, வெறும் வீடியோ இன்னும் அந்தத் தபால் பாடம்தான். நாம செய்யறதைப் பார்த்துத் திருத்தினாத்தான் அது வாத்தியார். அதுவரைக்கும் கனமான பிளேட்டைத் தொடறதுக்கு முன்னாடி, பக்கத்துல இருக்கற சீனியர் அண்ணன்கிட்ட "அண்ணே, கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டுக்குங்க மக்கா!