அகம் பேண்டின் எந்த ஆல்பம் பெஸ்ட்? ரசிகர்கள் சண்டையும் எட்டயபுரத்துப் பதிலும்

‘மல்ஹார் ஜாம்’ வாசித்த அதே பேண்ட், அடுத்த ஆல்பத்தில் இவ்வளவு பாலிஷ் ஆகலாமா? பாலிஷ் ஆனதுதான் வளர்ச்சியா? அகம் ரசிகர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அஞ்சாவது நிமிஷம் இந்தப் பேச்சு வந்துவிடும். ராக் உலகத்துக்கு இது புதுசில்லை. ரேடியோஹெட் ரசிகர்கள் 1997-ல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ பெரிசா, கிடாரை ஓரமாக வைத்துவிட்டு 2000-ல் போட்ட ‘கிட் ஏ’ பெரிசா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அகம் சண்டையில் கூடுதலாக ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பழைய கீர்த்தனையை டிரம்ஸ் வைத்து வாசிக்க இவர்கள் யார்?

அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் கிடைக்கிறது. நீங்கள் கரிசல்காட்டுப் பக்கத்து ஆள் என்றால், பஸ்ஸில் பலமுறை அதைத் தாண்டியே போயிருப்பீர்கள். முதலில் பேண்டையும் ஆல்பங்களையும் பார்த்துவிடலாம்.

யார் இந்த அகம்?

பெங்களூரில் 2003 வாக்கில் சேர்ந்த குழு. பலர் ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே வாசித்தவர்கள். பாட்டும் வயலினும் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன். லீட் கிடார் பிரவீன் குமார். கீபோர்டு சுவாமி சீதாராமன், பாட்டும் எழுதுவார். 2007-ல் ஏ.ஆர்.ரஹ்மான் புதுக் குழுக்களைத் தேடிய சன் டி.வி.யின் ‘ஊ லலல்லா’ நிகழ்ச்சி மூலம் வெளியே தெரிந்தார்கள். தங்கள் இசைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் கர்னாடிக் ப்ரோக்ரெஸிவ் ராக். ‘அகம்’ என்றால் உள்ளம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முழு ஆல்பம் மொத்தம் மூன்றுதான். ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ (2012), ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ (2017), ‘அரைவல் ஆஃப் தி எதீரியல்’ (2025). இருபது வருஷத்துக்கு மேல் ஓடும் ஒரு பேண்டுக்கு இது ரொம்பக் கம்மி. அதனால்தான் ரசிகர்கள் ஒவ்வொன்றையும் இப்படிக் குடைகிறார்கள் போல.

முதல் ஆல்பம் கட்சி

இவர்கள் வாதம் எளிமையானது: பசியோடு வாசித்திருக்கிறார்கள். ‘மல்ஹார் ஜாம்’, கேரளத்து வஞ்சிப்பாட்டு வாசனையோடு வரும் ‘தி போட் சாங்’, சுவாதித் திருநாளின் ‘தனஸ்ரீ தில்லானா’... எல்லாவற்றிலும் ஒரு அவசரம் இருக்கும். ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ தியாகராஜரின் ‘பண்டுரீதி’ கீர்த்தனை. ராகம் ஹம்சநாதம். ஹம்சம் என்றால் அன்னம், அதனால் அந்த இங்கிலீஷ் டைட்டில். இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும்.

இந்த ஆல்பத்தின் சவுண்டில் ஓட்டைகள் உண்டு. சில இடங்களில் கருவிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். முதல் கட்சிக்காரர்கள் அதையே பெருமையாகச் சொல்வார்கள்: ‘இது கச்சேரி மாதிரி கேட்குது, அதான் ஒரிஜினல்.’ ‘மல்ஹார் ஜாம்’ கோக் ஸ்டூடியோவில் ஹிட் அடித்ததால், நிறைய பேருக்கு அகம் என்றாலே அந்த ஒரு பாட்டுதான். முதல் ஆல்பத்துக்கு விழும் ஓட்டில் பாதி அந்தப் பாட்டுக்கு விழுவது என்பது என் சந்தேகம்.

இரண்டாவது ஆல்பத்தில்தான் நிஜச் சண்டை

‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ ஐந்து வருஷம் கழித்து வந்தது. சுத்தமான ரெக்கார்டிங், பெரிய சவுண்ட். கூடவே நேயர்கள் வீட்டில் ஏற்கெனவே தெரிந்த கீர்த்தனைகள். ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’ என்பது தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சரா’, நளினகாந்தி ராகம். ‘சாகர சயன விபோ’ எம்.டி.ராமநாதன் இயற்றியது, பாகேஸ்ரீ. ‘ரங்கபுர விஹாரா’ முத்துசுவாமி தீட்சிதருடையது, பிருந்தாவன சாரங்கா. எம்.எஸ்.சுப்புலட்சுமி குரலில் பல வீடுகளில் மனப்பாடமான கீர்த்தனை அது.

எதிர்ப்பு இங்கேதான் கிளம்புகிறது. இதில் ஒரு தரப்பு சும்மா ‘கெடுத்துட்டாங்க’ என்று சொல்லும். அதை விட்டுவிடுங்கள். இன்னொரு தரப்பு சொல்வதில் விஷயம் இருக்கிறது. கர்னாடக சங்கீதத்தில் ஒரு ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காது. அசையும், வழுக்கும், அடுத்ததைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இதுதான் கமகம். டிரம்ஸ் நேரத்தைக் கட்டம் கட்டிப் பிரிக்கும். கிடாரில் ஸ்வரத்துக்கு இடம் கம்பி வைத்துப் பிரித்திருக்கும். நரம்பை இழுத்தால்தான் அசைவு வரும். இரண்டும் சேர்ந்து பாட்டை ஒரு சட்டத்துக்குள் அடைத்தால், கமகம் செத்துப்போகும் என்கிறார்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ‘மனவ்யாலகிஞ்சரா’ பொதுவாகவே வேகமாகப் பாடப்படும் கீர்த்தனை. டிரம்ஸ் அதற்குத் தொந்தரவே இல்லை, தோள்கொடுக்கிறது. ‘ரங்கபுர விஹாரா’வில் குரல் அசையும்போது கிடார் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறது, குரல் முடிந்ததும்தான் அது பேசுகிறது. ராகமும் கைகொடுக்கிறது. பிருந்தாவன சாரங்கா கனமான கமகங்களை நம்பியே வாழும் ராகம் இல்லை. இவை இரண்டும் தப்பித்துவிட்டன.

‘சாகர சயன விபோ’ கதை வேறு. எம்.டி.ராமநாதன் ரொம்ப நிதானமாக, கீழ் ஸ்ருதியில், ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்துப் பாடியவர். அவர் பாடி ஒருமுறை கேட்டுவிட்டு அகம் பாடியதைக் கேளுங்கள். அகம் வெர்ஷன் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிதானம் போய்விட்டது, அந்த நிதானம்தான் பாட்டில் பாதி. அந்த ஒரு டிராக்கில் எதிர்ப்பாளர்கள் பக்கம்தான் நான்.

‘கூத்து ஓவர் காபி’ பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. ஜாலியான பாட்டு. அவ்வளவுதான்.

இங்கேதான் எட்டயபுரம் வருகிறது

திருவாரூரில் 1775-ல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், 1835-ல் தீபாவளி அன்று காலமானது எட்டயபுரத்தில். சமாதியும் அங்கேயே. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். இந்தத் தம்பி செய்த காரியம் என்ன தெரியுமா? சென்னைப் பக்கம் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அதைக் கர்னாடக இசைக்குக் கொண்டுவந்தார். அப்படிக் கொண்டுவந்த முதல் ஆட்களில் ஒருவர் என்று இசை வரலாறு அவரைச் சொல்கிறது.

அகம் மேடையில் ஹரிஷ் வயலினை எடுக்கும்போது ‘ஆஹா, இப்ப கர்னாடிக் வந்துடுச்சு’ என்று ரசிகர்கள் உருகுகிறார்கள். அந்த வயலின் 200 வருஷத்துக்கு முன்னால் இன்றைய எலெக்ட்ரிக் கிடார் மாதிரி ஒரு வெளியூர்ச் சரக்கு!

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி பேண்ட் வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர், சுமார் 40 கிடைக்கின்றன. அதில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே இருக்கிறது. இதைச் செய்த மனிதரின் கீர்த்தனையை கிடாரில் வாசிப்பதே பாவம் என்ற வாதம் எனக்குப் புரிவதில்லை.

அதற்காக ‘எதை வேணா பண்ணலாம் பாஸ்’ என்ற கட்சிக்கு எட்டயபுரம் ஓட்டு போடவில்லை. பாலுசுவாமியின் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர், 1904-ல் இதே ஊரில் ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’ என்ற பிரமாண்டமான நூலை அச்சிட்டார். சமஸ்தானம் ஆதரித்தது. கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் பதிப்பித்த சின்னசுவாமி முதலியார் விடாமல் வற்புறுத்தியதும் ஒரு காரணம். தெலுங்கு லிபியில் வந்த அந்த நூலில் வெறும் ஸ்வரத்தை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனிக் குறி போட்டார். ஸ்வரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வந்து சேராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கருவியை மாற்றிய ஊரும் இதுதான், கமகத்தை இழக்கக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக் காத்த ஊரும் இதுதான். அகம் ஆல்பங்களையும் இந்த அளவுகோலில் வைத்துக் கேட்கலாம். என்ன கருவி என்பதை விட்டுவிட்டு, அசைவு மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

மழை பற்றியும் ஒரு விஷயம். தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வரும் வழியில் வறண்டு வெடித்த நிலத்தைப் பார்த்து, அமிர்தவர்ஷினி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷினி’ பாடியதும் மழை கொட்டியது என்று கதை. கதையை நம்புவது உங்கள் இஷ்டம். பருத்திக்கும் உளுந்துக்கும் வானத்தைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும் நம்ம பூமியில் அப்படி ஒரு கதை பிறந்ததில் ஆச்சரியமில்லை. மல்ஹாரும் வடக்கே மழைக்கான ராகம்தான். அமிர்தவர்ஷினியையும் ‘மல்ஹார் ஜாம்’மையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

‘இதெல்லாம் நமக்கு எதுக்கு?’

கோவில்பட்டிப் பையன்கள் சிலருக்கு இந்தக் கேள்வி வரும். கர்னாடிக் என்றால் சென்னை சபா, ஏ.சி. ஹால் என்று ஒரு நினைப்பு. காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாழ்ந்தது உங்கள் ஊரில். ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ்.ஜானகி குரலோடு போட்டி போடும் நாகஸ்வரம் அவருடையது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அவர் வாசித்ததை சம்சாரிகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். டிக்கெட் கிடையாது. பக்கத்து இடைசெவலில் கி.ராஜநாராயணனுக்கும் கு.அழகிரிசாமிக்கும் கதை மாதிரியே சங்கீதமும் ஒரு பித்து. ராகம் பற்றிய விவாதம் இந்த மண்ணுக்கு இறக்குமதி இல்லை. அகம் கிடார் வழியாக அதற்குள் நீங்கள் நுழைந்தால், அதுவும் வாசல்தான்.

மூன்றாவது?

‘அரைவல் ஆஃப் தி எதீரியல்’ எட்டு வருஷக் காத்திருப்புக்குப் பின் வந்தது. செக் நாட்டு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவெல்லாம் சேர்ந்த பிரமாண்டம். தியாகராஜரின் ‘மோக்ஷமு கலதா’ (சாரமதி) இதில் உண்டு. ராக் பேண்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்தாலே ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது வழக்கம். 1999-ல் சான்ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியோடு மெட்டாலிக்கா வாசித்தபோதும் இதே கதைதான். என் காதுக்கு, ஆர்கெஸ்ட்ரா எழும்பும் இடங்களில் பேண்ட் கொஞ்சம் சின்னதாகிவிடுகிறது. முதல் ஆல்பம் கட்சிக்காரர்களுக்கு இது ஆகாது. சினிமாப் பின்னணி இசையில் வளர்ந்த காதுகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மொத்தத்தில் என் ஓட்டு ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ ஆல்பத்துக்கு, ‘சாகர சயன விபோ’வைக் கழித்துக்கொண்டு.

புதிதாகக் கேட்பவர்கள் ஆல்பம் வரிசையில் போக வேண்டாம். முதலில் எம்.எஸ். பாடிய ‘ரங்கபுர விஹாரா’, உடனே அகம் பாடியது, அப்புறம் ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’, கடைசியில் ‘மல்ஹார் ஜாம்’. போன் ஸ்பீக்கரில் பேஸ் கிடார் சுத்தமாகக் காணாமல் போய்விடும். சுமாரான இயர்போனாவது மாட்டிக்கொள்ளுங்கள். எட்டயபுரம் போனால், பாரதி பிறந்த வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், தீட்சிதர் சமாதி எங்கே என்று விசாரித்து அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.