நம்ம நாட்டு கால்நடை மருத்துவத் துறைக்கு மார்க் போடுவது எப்படி? ஒரு விளக்கம்

புனேவில் ஹிஞ்சேவாடி பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கும் ஔந்த் பழக்கமான ஏரியா. மகாராஷ்டிராவின் கால்நடை பராமரிப்புத் துறை ஆணையரகம், நோய் கண்டறியும் ஆய்வகம், கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் அரசு நிறுவனம் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. உங்க காலை டீக்கு வரும் பாலும், ஞாயிற்றுக்கிழமை சிக்கனும் பாதுகாப்பானதா என்பதில் இந்த அலுவலகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தத் துறை நல்லா இயங்குதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளவுகோல் யாருடையது?

பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலக விலங்கு சுகாதார அமைப்பு 1924-ல் தொடங்கப்பட்டது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்கள். இந்த அமைப்பு உருவாக்கிய மதிப்பீட்டு முறையின் பெயர் பி.வி.எஸ். சிம்பிளா சொன்னா, ஒரு நாட்டின் கால்நடை மருத்துவச் சேவைக்கான ஹெல்த் செக்கப்.

2019-ல் வெளியான பதிப்பின்படி 45 திறன்கள் சோதிக்கப்படுகின்றன. அவை நான்கு பிரிவுகளில் வருகின்றன:

- ஆட்கள், கட்டமைப்பு, பணம்
- தொழில்நுட்பத் திறனும் அதிகாரமும்
- விவசாயிகள், தொழில்துறையோடு உள்ள தொடர்பு
- சந்தை வாய்ப்பு

ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 5 வரை நிலை உண்டு. எத்தனை மருத்துவர்கள் இருக்காங்க என்பதோடு கேள்வி முடிவதில்லை. அவசர காலத்தில் பணம் உடனே கிடைக்குமா, அரசியல் அழுத்தம் இல்லாமல் முடிவெடுக்க முடியுமா, ஆன்டிபயாடிக் பயன்பாடு கண்காணிக்கப்படுகிறதா என்பதும் கேட்கப்படும். நாடு விரும்பிக் கேட்டால்தான் நிபுணர் குழு வரும். நாடு சம்மதித்தால்தான் அறிக்கையும் வெளியாகும். குறைகள் தெரிந்த பிறகு, எதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுவது அடுத்த கட்டம்.

இந்தியாவில் சிக்கல் எங்கே?

அரசியலமைப்பின்படி கால்நடை நோய்த் தடுப்பும் கால்நடை மருத்துவமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. நோய் மாநில எல்லை தாண்டிப் பரவுவதைத் தடுப்பது பொதுப்பட்டியலில் வருகிறது. திட்டமும் நிதியும் பெருமளவு டெல்லியிலிருந்து வரும், ஊசி போடும் கை மாநிலத்துடையது. ஆனால் வைரஸுக்கு மாநில எல்லை தெரியாது. மேலிருந்து கீழே உத்தரவும், கீழிருந்து மேலே தகவலும் தடையில்லாமல் போகிறதா என்பது பி.வி.எஸ். சோதிக்கும் திறன்களில் ஒன்று.

அடுத்து ஆள் பலம். 5,000 மாட்டு அலகுகளுக்கு ஒரு கால்நடை மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-லேயே சொன்னது. 2019 கணக்கெடுப்பில் நாட்டின் கால்நடைகள் சுமார் 53.6 கோடி. வீட்டு வாசலுக்கே வரும் 1962 மொபைல் வண்டிகளுக்கான விதி, ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி. ஒரு சின்ன கணக்கு: வருஷத்துக்கு 300 நாள் ஓடி, ஒவ்வொரு விலங்கையும் ஒரே ஒரு முறை பார்க்கணும்னா, ஒரு வண்டி தினமும் 333 விலங்குகளைப் பார்க்க வேண்டும். வண்டி அவசரத்துக்கு உதவும். ஆனால் ஊரில் இருக்கும் மருந்தகத்துக்கு அது மாற்று ஆகாது.

மகாராஷ்டிரா எழுதிய பரீட்சைகள்

2006 பிப்ரவரியில் நந்தூர்பார் மாவட்டம் நவாப்பூரில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம் எச்5என்1 பறவைக் காய்ச்சலை உறுதி செய்தது. அது இந்தியாவின் முதல் பாதிப்பு.

அடுத்த பெரிய சோதனை 2022-ல், மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோய். 2019-ல் ஒடிசாவில் முதலில் தெரிந்த இந்த நோய், 2022 ஆகஸ்ட்டில் ஜல்காவ் மாவட்டத்தில் தலைகாட்டியது. இந்த நோய்க்கென்று தனி உள்நாட்டுத் தடுப்பூசி கைக்கு வராததால் ஆட்டம்மைத் தடுப்பூசியே போடப்பட்டது. மாநிலத்தில் இருந்த மாடுகள் சுமார் 1.4 கோடி. இறந்த கறவை மாட்டுக்கு 30,000, காளைக்கு 25,000, கன்றுக்கு 16,000 ரூபாய் என்று அரசு இழப்பீடு அறிவித்தது. அதே டிசம்பரில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் உருவாக்கிய லம்பி-ப்ரோவாக்இண்ட் தடுப்பூசியைத் தயாரிக்கும் உரிமை ஔந்த் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

இழப்பீடு ஏன் முக்கியம்? 2009 சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உரிமையாளர் கிராம அதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சொன்னால் நஷ்டம்தான் மிச்சம் என்றால் யார் சொல்லுவாங்க? சரியான நேரத்தில் கிடைக்கும் இழப்பீடும் ஒரு கண்காணிப்புக் கருவிதான்.

ஊசி எண்ணிக்கை போதுமா?

கோமாரி, கன்று வீச்சு நோய்களை ஒழிக்க 2019-ல் ரூ.13,343 கோடி ஒதுக்கீட்டில் தேசியத் திட்டம் தொடங்கியது. 2025-க்குள் கட்டுப்பாடு, 2030-க்குள் ஒழிப்பு என்பது அப்போது அறிவித்த இலக்கு. இத்தனை கோடி டோஸ் போட்டோம் என்ற எண் செய்திக்கு நல்லா இருக்கும். ஆனால் ஊசி குளிர்ச்சி கெடாமல் வந்ததா, மாட்டின் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவானதா என்பதை ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முடியாத காரியம் இல்லை. பல நூற்றாண்டுகள் மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தென்பட்டது 1995-ல், தமிழகத்தின் வட ஆற்காடு பகுதியில். 2011-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊசியோடு நிற்காமல், ஊர் ஊராகத் தேடி நோய் இல்லை என்று நிரூபித்ததால் வந்த வெற்றி அது.

இப்போ என்ன நடக்குது?

2023 ஏப்ரலில் உலக வங்கி உதவியோடு, மகாராஷ்டிரா உட்பட ஐந்து மாநிலங்களில் கால்நடை சுகாதார அமைப்பை வலுப்படுத்தும் திட்டம் தொடங்கியது. ஆய்வகங்களையும் மருந்தகங்களையும் மேம்படுத்துவது இதில் அடங்கும். இது தவிர, பெருந்தொற்று நிதியத்திலிருந்து 2.5 கோடி டாலர் மானியமும் இந்தியாவுக்குக் கிடைத்தது.

உங்களுக்கு எதுக்கு இது?

அடுத்த முறை பறவைக் காய்ச்சல் என்று அலர்ட் வந்தால், சிக்கன் சாப்பிடலாமா என்பதோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் கேளுங்க. முதல் சாவுக்கும் ஆய்வக முடிவுக்கும் இடையில் எத்தனை நாள்? அந்தத் தாலுகாவில் எத்தனை மருத்துவர் பணியிடங்கள் காலி? இழப்பீடு எப்போது கையில் வந்தது? இந்த மூன்று பதில்களும் தெரிந்தால், அங்கே துறை எவ்வளவு தயாராக இருந்தது என்பது பெருமளவு தெரிந்துவிடும்.