நான்காம் சீடனின் பெயர்

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதையில் வரும் ஐந்து சீடர்களின் பெயர்கள் இவை. ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்த இவ்வைவரையும் அறியாத தமிழ் வாசகர் அரியர்.

1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். 1861இல் அதே நகரில், ஆல்பிரட் குரோக்வில் வரைந்த படங்களோடு மற்றோர் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதில் சீடர்கள் நூடுல், டூடுல், வைசேக்கர், ஸேனி, ஃபூஸில் எனப் பெயர் மாறினர். (நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் நூடுல்ஸுக்கும் இந்த நூடுலுக்கும் உறவில்லை.) மிலேச்சன் நின்ற நான்காம் இடத்தில் ஸேனி நிற்கிறான். அவனையே நாம் சற்று நெருங்கிப் பார்க்க விரும்புகிறோம்.

கோமாளித்தனமான, கிறுக்குத்தனமான நடத்தையைக் குறிக்க ஆங்கிலேயர் இன்றும் இச்சொல்லை வழங்குகின்றனர். ஷேக்ஸ்பியரும் தம் நாடகங்களில் இதனை ஆண்டுள்ளார். ஆயினும் இதன் பிறப்பிடம் இத்தாலி. ஜொவான்னி, அதாவது நம் முன்னோர் அருளப்பர் என்றழைத்த யோவானின் பெயர், வடஇத்தாலியப் பேச்சு வழக்கில் 'ஸன்னி' எனக் குறுகிற்று. வெனிஸ் நகரில் மூட்டை சுமக்கவும் ஏவல் செய்யவும் பெர்கமோ மலைப்பகுதியிலிருந்து ஏழைகள் இறங்கி வந்தனர். அவர்களுடைய கிளைமொழி நகரத்தார் செவிக்கு வேடிக்கையாய் ஒலித்தது. பதினாறாம் நூற்றாண்டின் நகைச்சுவை மேடைகளில் முகமூடியணிந்து பசியும் பேராசையுமாய்த் துள்ளிய வேலைக்காரப் பாத்திரத்திற்கு 'ஸன்னி' என்பதே பெயராயிற்று. பிழைக்க வந்தவனின் பெயர் இவ்வாறு முட்டாள்தனத்தின் பெயராகிக் கடல் கடந்தது.

அதே பெர்கமோ மண்ணில், குடியானவர் வீட்டில் பிறந்த ரொன்கால்லி, 1958இல் திருத்தந்தையானபோது ஜொவான்னி என்னும் பெயரையே சூடினார் என்பதை நினைக்கையில் நமக்கு ஓர் உவகை. இருபத்து மூன்றாம் யோவான் அவரே. வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்திலியோனேயும் பெர்கமோவுக்கு அதிகத் தொலைவில் இல்லை.

இனி மிலேச்சனைக் காண்போம். தெளிவின்றிப் பேசுதல் என்னும் பொருளுடைய வடசொல்லினின்று பிறந்தது இப்பெயர். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் மிலேச்சர், மொழி தெரியாமையால் உடற்குறிப்பாலேயே பேசுகின்றனர். அங்கே அவர்கள் மூடர் அல்லர், நம்பிக்கைக்குரிய காவலர். அயல்நாட்டான் என்ற பொருள் பின்னாளில் இழிவேறி, பேதைக்கும் மூடனுக்கும் நடுவே வந்து நின்றது. 1861இன் மொழிபெயர்ப்பாளர் இவ்வரலாற்றை அறிந்து ஸேனியைத் தெரிந்தெடுத்தார் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும் இரு மொழிகளும் ஒரே மனிதனையே நோக்கி நகைத்திருக்கின்றன: வேற்றூரிலிருந்து வந்தவன், நம் பேச்சு வராதவன். தாமே தமிழகத்தில் அயலாராய் வந்திறங்கிய வீரமாமுனிவர் இச்சொல்லைத் தம் கதையில் வைத்தபோது தமக்குள் சிரித்துக்கொண்டாரா?

திருமுருகன்பூண்டியில் இருந்துகொண்டு இதனைத் தொலைதூரச் செய்தியாக நாம் எழுத இயலாது. இவ்வூர்ப் பதிகத்திலேயே சுந்தரர், வழிப்போக்கரை அடித்துப் பறிக்கும் வடுக வேடுவரைப் பாடுகிறார். வேற்றுமொழியார் மீதான அச்சம் இங்கே அத்துணைப் பழைமையுடையது. இன்றோ திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் பெருந்தொகையினர். துணி மடிப்பதிலும் தையலிலும் அவர்கள் கைகள் எவருக்கும் இளைத்தவை அல்ல. எனினும் தேநீர்க்கடையில் 'வடக்கன்' என்ற சொல் உச்சரிக்கப்படும் தொனியைக் கேட்போர், வெனிஸ் நகரத்தார் ஸன்னி என்றதன் தொனியை ஊகித்துக்கொள்ளலாம். திசையைச் சுட்டும் அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை, ஜொவான்னியிலும் இருந்ததில்லை.

வீரமாமுனிவர் தம் கதையை இலத்தீனிலும் பெயர்த்தார்; தமிழ் கற்க வந்த அயலார்க்கு அது பாடமாய்ப் பயன்பட்டது. இங்கே தையல் எந்திரத்தின் முன் தமிழ் கற்கும் பீகார் இளைஞனும், எண்களுக்கு அடுத்தபடியாக, மேற்பார்வையாளரின் வாயிலிருந்து விரைவில் அறிந்துகொள்ளும் தமிழ்ச்சொல் 'மடையன்' என்பதுதான்.