ரபி இல்லாமல் தழைத்த மரபு: இந்திய யூத சபைகளை வழிநடத்துவோர் யார்?

யூத சபை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் ‘ரபி’ எனப்படும் சமய குருவே. ஆனால், இந்தியாவின் பழைமையான யூத சமூகங்கள் பல நூற்றாண்டுகளாக முறைப்படி பட்டம் பெற்ற ரபி எவரும் இன்றியே வழிபாட்டைக் காத்து வந்துள்ளன. அவற்றை வழிநடத்தியவர்கள் யார், அந்த நிலை பிற்காலத்தில் எத்தகைய சிக்கலுக்கு வித்திட்டது என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

ரபி என்பவர் யார்?

எபிரேய மொழியில் ‘ரபி’ என்ற சொல்லுக்கு ‘என் ஆசான்’ என்பது பொருள். அவர் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே நிற்கும் பூசகர் அல்லர். சமயச் சட்டத்தைக் கற்றுத் தேர்ந்து, அதற்கு விளக்கம் அளிக்கும் அறிஞர். கற்றவர் ஒருவருக்கு அந்த அதிகாரத்தை வழங்கும் சடங்கு ‘செமிக்கா’ எனப்படுகிறது.

பண்டைக் காலத்தில் ஜெருசலேம் ஆலயத்தில் ஆரோன் வழிவந்த ஆசாரியர்களே பலி செலுத்தும் உரிமை பெற்றிருந்தனர். கி.பி. 70-இல் ரோமானியர்கள் அந்த ஆலயத்தை அழித்த பிறகு பலி வழிபாடு முடிவுக்கு வந்தது. அதன் பின்னர், சமயத் தலைமை பிறப்பு வழியிலிருந்து கல்வி வழிக்கு மாறியது. ஆசாரிய மரபினருக்கு இன்றும் சபையினரை ஆசீர்வதிப்பது, தோரா வாசிப்பில் முதல் அழைப்பைப் பெறுவது போன்ற சில உரிமைகள் உள்ளன.

வழிபாட்டை நடத்துவோர்

அன்றாட வழிபாட்டுக்கு ரபி கட்டாயமில்லை. வைதிக மரபின்படி, 13 வயது நிறைந்த ஆண்கள் 10 பேர் கூடினால் போதும்; இந்த எண்ணிக்கை ‘மின்யான்’ எனப்படுகிறது. பத்துப் பேர் சேராவிட்டால், இறந்தோருக்காகச் சொல்லப்படும் ‘கதீஷ்’ உள்ளிட்ட சில பிரார்த்தனைகளைச் சொல்ல இயலாது. சபையில் தோரா சுருளைத் திறந்து வாசிக்கவும் இயலாது.

பிரார்த்தனைகளை இசையுடன் ஓதி சபையினரை வழிநடத்துபவர் ‘ஹஸான்’. ஆலய நிர்வாகத்தைக் கவனிப்பவர் ‘கபாய்’. ஆண் குழந்தைக்குப் பிறந்த எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்பவர் ‘மொஹெல்’. விதிமுறைப்படி விலங்குகளை அறுப்பவர் ‘ஷோஹெத்’. சிறு சபைகளில் ஒருவரே இப்பணிகளில் பலவற்றை மேற்கொள்வதும் உண்டு.

கொங்கண் கரையில் ‘காஜி’

இந்திய யூதர்களில் பெரிய பிரிவினரான பெனே இஸ்ரேல் மக்கள், தங்கள் முன்னோர் மகாராஷ்டிரத்தின் நவ்காவ் அருகே கப்பல் உடைந்து கரையேறியதாக நம்புகின்றனர். எண்ணெய் ஆட்டும் தொழில் செய்த அவர்கள், ஓய்வு நாளான சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்) என அழைக்கப்பட்டனர்.

டேவிட் ரஹபி என்பவர் அவர்களுக்குச் சமய நெறிகளைக் கற்பித்து, மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவர்களைத் தலைவர்களாக அமர்த்தினார் என்பது அம்மக்களின் மரபு வழிச் செய்தி. ‘காஜி’ எனப்பட்ட அவர்கள் ஊர் ஊராகச் சென்று திருமணம், விருத்தசேதனம் ஆகிய சடங்குகளை நடத்தியதுடன் வழக்குகளையும் தீர்த்து வைத்தனர். மும்பையில் 1796-இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் அம்மக்களின் முதல் ஜெப ஆலயத்தை நிறுவினார். அதன் பின்னர் ஹஸான்களின் பங்கு வளர்ந்தது. கொச்சியிலிருந்து வந்த யூதர்கள் ஆசிரியர்களாகவும் ஹஸான்களாகவும் பணியாற்றினர்.

கொச்சியும் கொல்கத்தாவும்

கேரளத்தின் கொச்சி யூதர்களிடமும் ரபி பதவி வேரூன்றவில்லை. கல்வியறிவு பெற்ற மூப்பர்களே சபைகளை நடத்தினர். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் தோரா வாசிப்பதற்கென மாடத்தில் இரண்டாவது மேடை ஒன்று உள்ளது. இது கேரள ஜெப ஆலயங்களின் தனிச்சிறப்பு. எனினும், அந்த ஆலயத்தில் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோருக்கு நெடுங்காலம் சம உரிமை மறுக்கப்பட்டது. அதனை எதிர்த்து ‘யூத காந்தி’ எனப் போற்றப்பட்ட வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் அறவழியில் போராடினார்.

கொல்கத்தா, மும்பை, புணே நகரங்களில் குடியேறிய பாக்தாத் யூதர்கள், சமயச் சட்ட ஐயங்களுக்கு பாக்தாத் ரபிகளிடம் கடிதம் எழுதி விடை பெற்றனர்.

திருமண உரிமையில் எழுந்த ஐயம்

ரபிகள் இல்லாத வரலாறு, இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்களுக்குப் பெரும் இடராக மாறியது. அந்நாட்டில் யூதர்களின் திருமணமும் மணமுறிவும் தலைமை ரபி மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. யூதச் சட்டப்படி மணவிலக்குப் பெறாத பெண் மறுமணம் செய்தால், அந்த மணத்தில் பிறக்கும் பிள்ளைகள் பிற யூதர்களை மணப்பதற்குத் தடை உண்டு. கொங்கண் கிராமங்களில் மணவிலக்கு விதிகள் முறைப்படி பின்பற்றப்பட்டனவா என சில ரபிகள் ஐயம் எழுப்பினர்.

இதையடுத்து, பெனே இஸ்ரேல் மக்கள் திருமணத்துக்கு விண்ணப்பித்தால் அவர்களின் முன்னோர் குறித்து விசாரிக்க வேண்டும் என்று 1962-இல் ரபி மன்றம் உத்தரவிட்டது. அதற்கு எதிராக அம்மக்கள் தொடர் போராட்டம் நடத்தினர். 1964-இல் இஸ்ரேல் அரசும் நாடாளுமன்றமும் அவர்களை எல்லா வகையிலும் சம உரிமை கொண்ட யூதர்கள் என அறிவித்தன. அதன் பின்னர், அச்சமூகத்தின் பெயரைத் தனித்துக் குறிப்பிடாத வகையில் உத்தரவு திருத்தப்பட்டது.

வடகிழக்கின் பினே மெனாஷே மக்களின் நிலை வேறு. மிசோரம், மணிப்பூரில் வாழும் இவர்களை இஸ்ரேலின் வழிவந்தோராக 2005-இல் அந்நாட்டுத் தலைமை ரபி ஷ்லோமோ அமர் ஏற்றுக்கொண்டார். எனினும், முறையான மதமாற்றச் சடங்கு அவசியம் எனக் கூறப்பட்டது. அதே ஆண்டில் ரபிகள் மிசோரம் வந்து அச்சடங்கை நடத்தியதற்கு இந்திய அரசு ஆட்சேபம் தெரிவித்ததால், அந்நடைமுறை இங்கு நிறுத்தப்பட்டது.

பெண்களும் ரபிகளும்

ஜெர்மனியில் 1935-இல் ரெஜினா யோனாஸ் பட்டம் பெற்று முதல் பெண் ரபி ஆனார்; 1944-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் 1972-இல் பட்டம் பெற்றார். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களை ரபிகளாக ஏற்கின்றனர். வைதிகப் பிரிவினரில் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

இன்றைய நிலை

வெளிநாட்டு யூத இயக்கங்கள் அனுப்பிய ரபிகளும் இந்தியாவில் பணியாற்றுகின்றனர். அவர்களுள் ஒருவரான ரபி கேப்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க், அவருடைய மனைவி ரிவ்கா ஆகியோர் 2008 நவம்பர் மும்பை தாக்குதலின்போது நரிமன் இல்லத்தில் கொல்லப்பட்டனர்.

உள்ளூர் ஆலயங்களிலோ பழைய மரபே தொடர்கிறது. தில்லியில் 1956-இல் திறக்கப்பட்ட ஜூடா ஹயாம் ஜெப ஆலயத்தின் வழிபாட்டை, ரபி பட்டம் பெறாத வழக்கறிஞரான எசக்கியேல் ஐசக் மலேக்கர் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளார். பெனே இஸ்ரேல் இல்லங்களில் அவல், தேங்காய், வெல்லம், பழங்கள் வைத்து எலியா தீர்க்கதரிசியை நினைவுகூரும் ‘மலிதா’ சடங்கும் மறையவில்லை.

பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்ட நிலையில், கொச்சி, கொல்கத்தா ஆலயங்களுக்கு இன்று ரபி இல்லாதது குறையன்று. வழிபாட்டுக்குத் தேவையான அந்தப் பத்துப் பேரைத் திரட்டுவதே அரிதாகியுள்ளது.