ரோதையும் மின்னும்: மலைநாட்டு நீர்ச்சக்கரங்களின் மறுவாழ்வு

பழைய பொறியொன்றைப் புதிய கருவியோடு பிணைக்க முற்படுவோர் முதலிற் காணும் தடை பெரும்பாலும் வலுக்குறைவன்று. இரண்டும் ஒரே தாளத்தில் இயங்காமையே ஆகும். 1989இல் வெளிவந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1 என்னும் கணினி, தன் திரைக்குச் செக்கனுக்கு 66 முறை படம் அனுப்பியது. இன்றைய தட்டைத்திரைகளுட் பல 60 முறையையே எதிர்பார்ப்பன. இரண்டிலும் பழுதில்லை, ஆயினும் இடையே மாற்றியொன்று இல்லாவிடின் திரை இருண்டே கிடத்தல் கூடும். இதே இடர்ப்பாடு நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேறொரு பொறிக்கு முன்னரே நேர்ந்தது. அவ்வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதன் பின்னர், மலைச்சரிவெங்கும் தேயிலை ஆலைகள் எழுந்தன. தொழிலாளர் வழக்கில் அவை 'ஸ்டோர்'. அவற்றுட் பல ஓடைகளை அடுத்து அமைந்தமை தற்செயலன்று. சிற்றணையில் மறித்த நீர் வாய்க்கால் வழியே தொட்டியை அடையும். அங்கிருந்து இரும்புக் குழாயிற் பாய்ந்து இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றும். 1880இல் காப்புரிமை பெற்ற பெல்ற்றன் சக்கரமும், இங்கிலாந்தின் கெண்டல் நகரில் கில்க்ஸ் நிறுவனத்தார் செய்த சுழலிகளும் இவ்வாறே மலையேறின. ஆலையின் முகட்டருகே ஓடிய நெடுந்தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி, கொழுந்தை உருட்டும் பொறிகளையும் சலிக்கும் பொறிகளையும் இயக்கின. இச்சக்கரங்களைக் காக்கும் தெய்வமாக ரோதமுனியைத் தொழிலாளர் வழிபட்டனர். ரோதை என்பது சக்கரம். பொறியை அஞ்சியும் நேசித்தும் வாழ்ந்த மக்களின் வழிபாடு அது. நம் ஆய்வாளர் இதனை இன்னும் விரிவாக நோக்கியிருக்கலாம்.

அக்காலத்துச் சக்கரத்துக்கு ஒரு சலுகை இருந்தது. உருட்டும் பொறி சற்று விரைந்தோ தளர்ந்தோ சுழன்றாலும் தேயிலை பெரிதாகக் கெடாது. மின்சாரம் அச்சலுகையைப் பறித்தது.

நுவரெலியாவுக்கு ஒளி தரும் பொருட்டு 1912இல் பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் நாட்டின் நீர்மின் வளம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர் கனவு கண்ட இலக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேயே. மின்கம்பிகள் தோட்டங்களை எட்டியதும் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி மோட்டார் வந்தது. தண்டும் தோல்வாரும் அகன்றன, வாய்க்கால்கள் தூர்ந்தன, குழாய்கள் துருவேறின.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது கைவிட்ட சக்கரங்கள் மீண்டும் நினைவுக்கு வந்தன. செக்கனுக்கு 50 லீற்றர் நீர் 60 மீற்றர் வீழ்ந்தால், 60 வீத வினைத்திறனிற்கூட ஏறத்தாழ 18 கிலோவாற்று கிடைக்கும். ஆனால் மோட்டார்களுக்கு வேண்டியதோ 50 ஹேர்ட்ஸ் மீடிறனில் ஓடும் ஆடலோட்டம். நான்கு முனைவுப் பிறப்பாக்கி அதனைத் தர நிமிடத்துக்கு 1500 முறை சுழல வேண்டும். நிமிடத்துக்கு 500 முறை சுழலும் பழஞ்சக்கரத்துக்கு மூன்று மடங்கு விட்டமுள்ள கப்பியொன்று போதும், இது எளிது. கடினம் மற்றொன்றில் இருந்தது. உருட்டும் பொறி ஒன்றை நிறுத்திய கணமே சுமை குறைந்து சக்கரம் விரையும், மீடிறனும் உயரும். நீரைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் காத்த பழைய கட்டுப்பாட்டுப் பொறிகளோ தேய்ந்துபோயிருந்தன.

சூமேக்கர் 1966இல் நிறுவிய இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழுவினர் 1980களில் இலங்கைத் தோட்டங்களில் இப்பணியில் ஈடுபட்டனர். அவர்கள் துணைகொண்ட மின்னணுச் சுமைக் கட்டுப்படுத்தி நீரைத் தொடுவதேயில்லை. சக்கரம் எப்போதும் முழுவலுவுடன் சுழலும். ஆலை கொள்ளாத மின்னை அக்கருவி வெப்பச்சுருள்களுக்குத் திருப்பிவிடும். மொத்தச் சுமை மாறாதாகையால் மீடிறனும் மாறாது. பழையதைத் திருத்தாமல் அதன் எதிர்ப்புறத்தைத் திருத்திய இவ்வுபாயம், என் கருத்தில், இவ்வரலாற்றின் மிக அழகிய பகுதி.

பிற்காலத்திற் சிறுநிலையங்கள் நாட்டின் மின்வலையோடும் இணைந்தன. இத்தகைய இணைப்புக்குப் பழைய முறையொன்று உண்டு. இரு மின்வழிகளுக்குமிடையே விளக்குகளைப் பொருத்துவர். தாளம் நெருங்க நெருங்க அவை மெல்ல மெல்ல மினுங்கும். முற்றாக அணையும் தறுவாயில் ஆளியை மூட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பொறி அதிரும்.

விளக்கென்றதும் லயங்களை எண்ணாதிருத்தல் இயலாது. ஸ்டோரில் மின்னொளி எரிந்த காலத்தும், கொழுந்து பறித்தோரின் காம்பராக்களிற் பெரும்பாலானவற்றில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. ஒரே ஓடையின் நீர்; ஆயினும் கம்பி லயம்வரை செல்லவில்லை. சக்கரத்தின் மறுவாழ்வைப் போற்றும் கட்டுரைகள் இதனைத் தவிர்த்துச் செல்வது முறையன்று.

கந்தப்பளையின் ஹெதர்செற் ஆலை 1996இல் விடுதியாயிற்று. அதன் பழைய பொறி இன்று விருந்தினர்க்குக் காட்சிப்பொருள். 1925இற் கட்டிய அந்தானை ஆலை 2001இல் தேயிலை நூதனசாலையாக மாறியது. அங்கும் பழைய பொறிகள் வரிசையாக நிற்கின்றன. செய்த நிறுவனத்தின் பெயர் இரும்பிலேயே வார்ப்பாக இருப்பது வழக்கம். மழைக்காலத்தில் நள்ளிரவில் எழுந்து வாய்க்காலில் அடைத்த இலைகுழைகளை வாரியெறிந்தவர்களின் பெயர்களைத் தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளிலேதான் தேட வேண்டும். அவர்தம் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று இப்பல்கலைக்கழக வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். தேடலை அவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.