இந்தியச் சுயாதீனத் திரைப்படங்களில் பெண் வேட்கை

வணிகச் சூத்திரங்களுக்கு வெளியே எடுக்கப்பட்ட இந்தியப் படங்கள் பெண்ணின் காமத்தை அவள் பக்கமிருந்து காட்ட முயன்ற வரலாறு 1970களில் வலுப்பெறுகிறது. ஒரு பெண் ஆசைப்படுவதற்குப் படம் காரணம் சொல்லியாக வேண்டுமா என்ற கேள்வி அந்த வரலாறு நெடுகத் தொடர்கிறது.

அரசின் திரைப்பட நிதிக் கழகத்தின் உதவியோடு குமார் சஹானி எடுத்த ‘மாயா தர்ப்பண்’ (1972), நிலவுடைமைக் குடும்பத்தில் மணமாகாமல் அடைபட்டிருக்கும் தரன் என்ற பெண்ணின் தவிப்பைப் பேசியது. ஷியாம் பெனகலின் ‘பூமிகா’ (1977) நடிகை ஹன்ஸா வாட்கரின் தன்வரலாற்றைத் தழுவியது. தமிழில் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ருத்ரய்யா ‘அவள் அப்படித்தான்’ (1978) எடுத்தார். ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சு யாருக்கும் அடங்காதவள். ஆனாலும் அவளுடைய கோபத்துக்குத் தாயின் நடத்தை, காதலித்தவனே பிறர் முன்னால் அவளைத் தங்கை என்று சொன்ன துரோகம் எனப் படம் விளக்கங்களை அடுக்குகிறது. அன்றைய ரசிகர்கள் அதையும் ஏற்கவில்லை, படம் ஓடவில்லை. அதன் மதிப்பு பின்னாளில்தான் உணரப்பட்டது.

அபர்ணா சென்னின் வங்கப் படம் ‘பரமா’ (1985) ஒரு படி முன்னே சென்றது. நடுவயது இல்லத்தரசிக்கு ஒரு புகைப்படக் கலைஞரோடு உறவு ஏற்படுகிறது. விஷயம் வெளிப்பட்டதும் குடும்பம் அவளை ஒதுக்குகிறது. குற்ற உணர்ச்சியை ஒப்புக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்க்க, தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள் ராக்கி நடித்த பரமா.

பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ (1996). டெல்லிக் கூட்டுக்குடும்பத்தின் இரு மருமகள்கள், ராதாவும் சீதாவும், ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள். ராதாவின் கணவன் பிரம்மச்சரிய விரதம் பூண்டவன். தன் புலனடக்கத்தைச் சோதித்துப் பார்க்க மனைவியை அருகில் படுக்கச் சொல்கிறான். பல்லாண்டுகளாக அசையாமல் படுத்துக் கிடக்கும் அந்த உடல் பார்ப்பவரைக் கலங்கடிக்கும். தணிக்கை வாரியம் வெட்டில்லாமல் அனுமதித்த படம் 1998 நவம்பரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. டிசம்பரில் சிவசேனைக்காரர்கள் மும்பையிலும் டெல்லியிலும் அரங்குகளைத் தாக்கினர். மறுதணிக்கைக்குப் போன படம் 1999 தொடக்கத்தில் வெட்டின்றியே மீண்டும் திரையிடப்பட்டது. பெண்களின் காதலைக் கணவர்களின் புறக்கணிப்பால் வந்ததாகக் காட்டியதே அதன் குறை என்று பெண்ணியர் சிலர் விமர்சித்தார்கள். அது நியாயமான விமர்சனம். இருந்தும் படத்தின் துணிச்சல் அதனால் குறைந்துவிடவில்லை.

ஷோனாலி போஸின் ‘மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா’ (2014) பெருமூளை வாதம் உள்ள இளம்பெண்ணின் பாலியல் தேடலைத் தயக்கமில்லாமல் சொன்னது. அலங்கிருதா ஸ்ரீவாஸ்தவாவின் ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’வில் (2016), போபால் நகரில் எல்லோராலும் அத்தை என்று அழைக்கப்படும் 55 வயது உஷா ஒளித்து வைத்துக் காம நாவல் படிக்கிறாள், நீச்சல் கற்றுத் தரும் இளைஞனோடு இரவில் தொலைபேசியில் கிசுகிசுக்கிறாள். படம் பெண்களை மையமாகக் கொண்டது, அவர்களின் கற்பனைகளை வாழ்க்கைக்கு மேலாக வைக்கிறது என்றெல்லாம் காரணம் காட்டி வாரியம் 2017 ஜனவரியில் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு ஜூலையில் ‘ஏ’ சான்றிதழோடு படம் வெளியானது.

லீனா மணிமேகலை பொதுமக்களிடம் நிதி திரட்டி எடுத்த ‘மாடத்தி’ (2019) சாதியையும் வேட்கையையும் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் வீட்டுப் பெண் யோசனா, புதருக்குள் மறைந்தபடி ஆற்றில் குளிக்கும் ஆணைப் பார்க்கிறாள். யார் கண்ணிலும் படக்கூடாதவள் ஆசை தீரப் பார்க்கும் அந்தக் காட்சி தமிழ்த் திரையில் அபூர்வமானது. பார்த்த அவளை ஊர் சிதைத்துவிட்டுத் தெய்வமாக்குகிறது.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ (2024) கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. மும்பையில் வாழும் மலையாளச் செவிலியர் பிரபாவுக்கு, ஜெர்மனிக்குப் போய்ப் பேச்சே நின்றுபோன கணவனிடமிருந்து வந்ததாகத் தோன்றும் ரைஸ் குக்கர் ஒன்று வருகிறது. இரவில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொள்கிறாள். அறைத்தோழி அனுவோ தன் முஸ்லிம் காதலனோடு ஒதுங்க இடம் தேடி அலைகிறாள். அவளுடைய ஆசைக்குப் படம் எந்தச் சமாதானமும் சொல்வதில்லை.

இதற்கிடையில் சட்ட வழி குறுகிவிட்டது. ‘லிப்ஸ்டிக்’ வெளிவர உதவிய தீர்ப்பாயத்தை ஒன்றிய அரசு 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் கலைத்தது. வாரியம் மறுத்தால் இனி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வெளியீட்டுக்கே பணம் புரட்டத் திணறும் இயக்குநருக்கு வழக்குச் செலவும் காத்திருப்பும் படத்தை முடக்கிவிடக்கூடியவை.