நடுவட்டத்து ரஸவாதம்

சென்ற கோடையில் ஊட்டியில் தங்கியிருந்தபோது, என் பேத்தி எனக்கு ஒரு ஜப்பானிய விளையாட்டைக் கற்றுக் கொடுக்க மிகவும் பிரயத்தனப்பட்டாள். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பெட்டி. அதன் திரையில் ஒரு பழைய ஐரோப்பிய நகரம். அந்த நகரத்தில் மேரி என்று ஒரு பெண். ரஸவாதக் கலாசாலையில் அவளைப் போல் மட்டமாக மார்க்கு வாங்கியவர் முன்பு யாருமே இல்லையாம். ஆசிரியை அம்மாள் அவளை விரட்டி விடாமல் ஒரு பட்டறையைக் கொடுத்து, ஐந்து வருஷம் கெடுவும் விதிக்கிறாள். அதற்குள் நல்லதாக ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும்.

இதிலும் சண்டை உண்டு, பூதங்கள் உண்டு. ஆனாலும் பேத்தி பயந்தது நாள்காட்டிக்குத்தான். காட்டுக்குப் போய் மூலிகை பறித்து வரச் சில நாள். அதைக் கொப்பரையில் இட்டுக் காய்ச்சச் சில நாள். நடுவில் ஊரார் கேட்கும் சரக்கைச் செய்து கொடுத்துக் காசு பார்க்க வேண்டும். நோயாளித் தோழி ஒருத்தி வேறு. அவளுக்கும் மருந்து தேட வேண்டும். கஸ்ட் என்ற கம்பெனி 1997-ல் வெளியிட்ட இந்த 'அட்டெலியர் மேரி'யை 2023-ல் புதுப்பித்தபோது, கெடுவே இல்லாமல் ஆடும் வகையையும் சேர்த்தார்களாம். பேத்திக்கு அது பிடிக்கவில்லை. "கெடு இல்லேன்னா என்ன தாத்தா சுவாரஸ்யம்?" என்றாள். நாவலுக்குக் கடைசி நாள் வரையில் பிடி கொடுக்காத என்னிடம் இதைக் கேட்கிறாள்!

"நிஜமா யாராவது இப்படி இலை, பட்டையெல்லாம் சேர்த்து மருந்து காய்ச்சியிருக்காங்களா?" என்று அடுத்த கேள்வி. மறுநாள் காலையில் அவளை நடுவட்டத்துக்கு அழைத்துப் போனேன்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், பைக்காராவைத் தாண்டி, மலை சரிய ஆரம்பிக்கும் விளிம்பில் இருக்கிறது நடுவட்டம். கீழே தெரிவது கூடலூர். அந்தக் காலத்தில் வயநாட்டுக் காய்ச்சல் என்றால் குலை நடுங்கிய பிரதேசம். காய்ச்சலின் தலைக்கு மேலேயே அதன் மருந்தைப் பயிரிட்டது வெள்ளைக்காரர்களின் யோசனை. மருந்து, சிங்கோனா மரத்தின் பட்டையில் இருந்தது. மரமோ தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இருந்தது.

இங்கேதான் மேரியின் மூலிகை வேட்டை எனக்கு ஞாபகம் வந்தது. கிளெமெண்ட்ஸ் மார்க்கம் 1860-ல் பெரு நாட்டுக் காடுகளில் கன்றுகளைச் சேகரித்தார். கடலும் வெயிலும் கடந்து நீலகிரிக்கு வந்த அவை பிழைக்கவில்லை. அதே வருஷம் ரிச்சர்ட் ஸ்புரூஸ், உடம்பு செயலற்றுப் போகும் நிலையிலும், ஈக்வடாரில் சிம்பரேஸோ மலைச் சரிவில் சிவப்புப் பட்டை மரத்தின் விதைகளை ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்தார். கண்ணாடிப் பெட்டிகளில் வைத்த கன்றுகளை ராபர்ட் கிராஸ் 1861 ஏப்ரலில் ஊட்டிக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அவற்றின் சந்ததிதான் நடுவட்டத்துச் சரிவுகளில் வேர்விட்டது.

கன்று நட்டாலும் பட்டை உரிக்க ஏழெட்டு வருஷமாவது காத்திருக்க வேண்டும். மேரியின் கெடு முடிந்தே போயிருக்கும்! ஊட்டித் தோட்டத்தின் தலைவர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் இந்தக் காத்திருப்பிலும் ஒரு லாபம் பார்த்தார். மரத்தை வெட்டாமல் பட்டையை நெடுக நாடா நாடாவாக உரித்து, காயத்தின் மேல் பாசியைச் சுற்றிக் கட்டச் செய்தார். பாசிக்கடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அதில் சத்து முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது.

காட்டை வெட்டியவர்கள் யார்? மலாக்கா ஜலசந்திக் குடியேற்றங்களிலிருந்து சென்னை ராஜதானிச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை இங்கே கொண்டு வந்து வேலை வாங்கினார்கள். மேரி செலவழிப்பது அவளுடைய சொந்த நாள்களை. இங்கே செலவானவை, ஒரு நீதிபதி தண்டனையாக எழுதிய நாள்கள். அவர்களை அடைத்திருந்த சிறைக்கூடம் இன்றும் நிற்கிறது. பேத்தி அதன் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "விடுதலையானதும் ஊருக்குப் போனாங்களா?" என்றாள். எல்லோரும் போகவில்லை. பிற்பாடு சென்னை மியூஸியத்துத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் இந்தப் பக்கம் வந்தபோது, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே ஒரு சின்னச் சீனக் குடியிருப்பைக் கண்டார். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்து வந்தார்கள். அந்தக் குழந்தைகள் எந்தப் பாஷையில் அப்பாவைக் கூப்பிட்டார்களோ! ஒரு நாவல் அங்கே விழுந்து கிடக்கிறது.

கொப்பரை விஷயத்துக்கு வருவோம். 1866-ல் ஜான் பிராட்டன் என்ற ரசாயன நிபுணரை அரசாங்கம் நியமித்தது. மருந்தை இங்கேயே மலிவாகக் காய்ச்ச வேண்டும் என்பது கட்டளை. அவர் காய்ச்சியும் காட்டினார். படிகமாகாத ஒரு தூள். அதற்கான செலவு கட்டுப்படியாகவில்லை. காரியம் நின்றது, அவரும் போனார். 1884-ல் வந்த டேவிட் ஹூப்பர் காலத்தில்தான் நடுவட்டத்து ஆலை ஒழுங்காக நடந்தது. பட்டையைப் பொடித்து, சுண்ணாம்பும் காரமும் கலந்து, எண்ணெயில் சத்தை இறக்கி, அமில நீரில் அதை வாங்கி ஆறவிட்டால், நாக்கில் பட்டதும் முகம் கோணும் வெள்ளைப் படிகம். அதுதான் கொயினா. நாட்டுப்புறத்து மனிதர் தபாலாபீஸில் காலணாப் பொட்டலமாக வாங்கும் காலமும் வந்தது.

இதற்கிடையில் பொலிவியாவில் மமானி என்ற பழங்குடி மனிதர் இன்னும் உயர்ந்த ஜாதி விதைகளைச் சேகரித்தார். உறைபனி பூவைக் கருக்கியதால், நல்ல விதைக்காக நாலு வருஷம் காத்திருந்தார். 1865-ல் அவை டச்சுக்காரர் கைக்குப் போய், ஜாவாவில் முளைத்து உலகச் சந்தையையே பிடித்துக்கொண்டன. மமானிக்குக் கிடைத்த கூலி, சொந்த நாட்டில் சிறையும் அடியும். அதிலேயே உயிர் போயிற்று. 1942-ல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு மருந்து வரத்து அற்றுப் போயிற்று. மறுபடி நம் மலைச் சிங்கோனாவுக்குக் கிராக்கி. சண்டைக்குப் பிறகு குளோரோகுயின் முதலிய ரசாயன மாத்திரைகள் வந்து அந்தக் கிராக்கியையும் முடித்து வைத்தன.

இப்போது அந்தச் சரிவுகளில் தேயிலை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைப் பெருக்கியது. நாங்கள் போன நேரத்தில் சில பெண்கள் எடை போடும் இடத்தில் கொழுந்து மூட்டைகளுடன் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி மட்டும் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று இரவு பேத்தி பெட்டியைத் திறந்தாள். மேரிக்கு மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது; கொப்பரையில் ஏதோ பாதி காய்ச்சிக் கிடந்தது.

"இன்னிக்கு அவ தூங்கட்டும் தாத்தா" என்று மூடி வைத்துவிட்டாள்.